இருக்கையில் ஆள் இல்லை

பசுமைவெளிப் பராமரிப்பு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அது எதைப் பராமரிக்கிறது என்று அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வராது. கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவார்கள். வெளியே ஒரு புல்வெளி இருக்கும். ஒரு காலத்தில் ஊரிலுள்ள பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், சாலை நடுவில் நிற்கும் செடிகள் எல்லாமே வாரியத்தின் கையில்தான் இருந்தனவாம். மற்ற துறைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனது போக, மிச்சம் தலைமை அலுவலகத்தைச் சுற்றியுள்ள இந்தப் புல்வெளிதான். அதைப் பராமரிக்க நாலு மாடிக் கட்டடம். மாடிக்கு மாடி நீள வராந்தா, வராந்தா முழுக்க அறைகள், அறை முழுக்க அதிகாரிகள். புல்லை வெட்டுவதற்கு மட்டும் ஒரே ஓர் ஆள்.

அந்த ஆளுக்குப் புல்லுக்காரர் என்று பெயர். வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும். கூப்பிட ஆள் இல்லாமல் அது வழக்கொழிந்து போயிற்று. ஐம்பத்தைந்தைத் தாண்டிய மனிதர். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற சிவப்பு நிறப் புல்வெட்டும் மெஷின் ஒன்றை வாரியம் அவரிடம் கொடுத்திருந்தது. காலையில் ஷெட்டைத் திறந்து, மெஷினில் ஏறி, சாவியைத் திருப்பினால் சாயங்காலம்வரை புல்வெளியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். நாலு மாடி ஜன்னல்களிலிருந்தும் அவரைப் பார்க்கலாம். பார்க்கிறவர்களில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது.

அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மெஷின் ஓடினால் போதும் அவருக்கு. ஏனென்றால் மெஷின் ஓடும்போது அவர் தன் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருப்பார்.

பெண்டாட்டி செத்துப்போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் அவளிடம் பேச முடியாது. ஒன்று, சுவர் ஒரு செங்கல் கனம்தான். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தால் மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். இன்னொன்று, அந்த அமைதியில் நாம் ஒன்று சொல்லிவிட்டு நிறுத்தினால் பதில் வராதது பளிச்சென்று தெரியும். மெஷின்மேல் அப்படி இல்லை. இஞ்சின் போடுகிற கத்தலில் அவள் பதில் சொன்னாலும் காதில் விழப்போவதில்லை. ஆகையால் பதில் வரவில்லையே என்ற குறையும் இல்லை. "பால் திரிஞ்சு போச்சுடி", "பெரியவ போன் பண்ணா, உன்னை மாதிரியே அதட்டுறா", "முட்டி வலிக்குது" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்திச் சொல்லிவிட்டு, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்குப் போவார். வீட்டில் தூங்குவதோடு சரி.

அந்த மெஷின்தான் ஒரு நாள் காலையில் கிளம்ப மாட்டேன் என்றது.

சாவியைத் திருப்பினார். இஞ்சின் கரகரவென்று சுற்றியதே தவிர பற்றிக்கொள்ளவில்லை. இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. மறுபடி ஏறித் திருப்பினார். கரகர, கரகர. அவ்வளவுதான். "என்ன ஆச்சு இதுக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டார். கேட்ட சத்தம் ஷெட்டுக்குள் தெளிவாகக் கேட்டதும் கூச்சத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

கண்காணிப்பாளரிடம் போனார். தன் மேஜைமேல் என்ன வந்தாலும் அதை மேலே அனுப்புவதா கீழே அனுப்புவதா என்று மட்டும் யோசிக்கிற மனிதர் அவர். புல்லுக்காரரோ ஏற்கெனவே ஆகக் கீழே இருந்தார். வேறு வழியில்லாமல் மேலே அனுப்பினார்.

"ஸ்டார்ட் ஆகலன்னு மொட்டையாச் சொன்னா எப்படிங்க?" என்றார். "எந்தப் பாகம் ஸ்டார்ட் ஆகல?"

"மெஷினே ஆகல சார்."

"மெஷின்னு ஒண்ணு நம்ம வாரியத்துல கிடையாது. பேட்டரி மின்சாரப் பிரிவு. சாவி பூட்டுப் பிரிவு. சக்கரம் வாகனப் பிரிவு. இதெல்லாம் சேர்ந்து ஒரே இடத்துல நிக்குது, அவ்வளவுதான். அதுக்காக அதை மெஷின்னு சொல்லிட முடியாது."

முதலில் மின்சாரப் பிரிவு வந்தது. வந்தவர் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். "கரண்ட் பிரமாதமா இருக்கு. ஒரு குறையும் சொல்ல முடியாது." அப்புறம் ஏன் ஓடவில்லை என்று கேட்டதற்கு, "கரண்ட் இருக்கிறது எங்க பொறுப்பு. அது எங்க போகுதுங்கிறது கரண்டோட பொறுப்பு" என்று சொல்லிவிட்டு மீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்து பூட்டுப் பிரிவு. சாவி உள்ளே போகிறதா, திரும்புகிறதா, வெளியே வருகிறதா என்று பார்த்தார்கள். போயிற்று, திரும்பிற்று, வந்தது. பாராட்டினார்கள்.

பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டியது மிச்சம். தீப்பொறி என்ற சொல் காதில் விழுந்ததுமே அது தீயணைப்புப் பிரிவின் விவகாரம் ஆகிவிட்டது. அவர்கள் தலைக்கவசம், கையுறை, மணல் வாளி சகிதம் வந்து ஷெட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பிளக்கைக் கழற்றி, இரும்பில் ஒட்டவைத்துப் பிடித்தபடி, புல்லுக்காரரை ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொன்னார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிளக்கின் நுனியில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி திருப்பச் சொன்னார்கள். அப்போதும் ஒன்றும் இல்லை.

"அருமை!" என்றார் தீயணைப்பு அதிகாரி. அவர் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு பாதுகாப்பான இஞ்சினை நான் பாத்ததே இல்ல. ஒரு பொறிகூட இல்லையே! எல்லா இஞ்சினும் இப்படி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இருக்காது." மெஷின்மேல் பச்சை நிறத்தில் ஒரு பாதுகாப்புச் சான்று ஒட்டிவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

எல்லாப் பிரிவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்ட மெஷின் ஷெட்டு வாசலில் நின்றது. புல் வளர்ந்தது. புல்லுக்காரருக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் போகவும் கூடாது. ஷெட்டுக்குள் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் பொழுதைப் போக்கினார். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போயிற்று. தீயணைப்புக்காரர் தழுதழுத்ததைச் சொன்னால் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். நினைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்ட்டீங்க?"

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அது பற்றவைக்காமல் சுத்தமாக இருந்தது. "இருந்ததைச் சாப்ட்டேன்" என்றார்.

"குரலே ஒரு மாதிரியா இருக்கே. உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா. மெஷின் ரிப்பேர்."

"அட, மெஷின்தானே? நான் பயந்தே போயிட்டேன்" என்று சிரித்துவிட்டு மகள் போனை வைத்தாள்.

கடைசியில் தளவாடப் பிரிவின் முறை வந்தது. மேஜை, நாற்காலி, பெஞ்சு இவற்றைக் கவனிக்கிற பிரிவு அது. மெஷினில் உட்காருகிற இடம் ஒன்று இருப்பதால் அதுவும் நாற்காலிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. தளவாட அதிகாரி கனத்த சரீரம். வாரியத்துக்கு வருகிற எந்த நாற்காலியையும் முதலில் தான் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குவார் என்று பெயரெடுத்தவர். மூச்சு வாங்க ஏறி மெஷினில் உட்கார்ந்தார். "சீட்டு நல்லாத்தானே இருக்கு. இடுப்புக்கு இதமா இருக்கு" என்று முன்னால் சாய்ந்தவர், பிடிமானத்துக்காகச் சாவியைப் பற்றித் திருகிவிட்டார்.

மெஷின் படபடவென்று உயிர் பெற்றது.

அதிகாரி அலறிக்கொண்டு குதித்தார். அவர் குதித்ததும் இஞ்சின் நின்றுவிட்டது. புல்லுக்காரர் பாய்ந்து ஏறிச் சாவியைத் திருப்பினார். கரகர, கரகர. அதிகாரியைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி உட்காரவைத்துத் திருப்பினார். படபட. இறக்கிவிட்டுத் தான் ஏறினார். கரகர. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஓ, இதுவா சங்கதி!" என்று தளவாட அதிகாரி நெற்றி வியர்வையைத் துடைத்தார். "சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்ச் இருக்குங்க. பாதுகாப்பு ஸ்விட்ச். ஆள் உக்காந்து அமுக்கினாத்தான் இஞ்சினுக்குப் பொறி போகும். ஆள் இல்லன்னா கட் பண்ணிடும். ஓட்டுறவன் கீழே விழுந்துட்டா மெஷின் தானா ஓடிடக் கூடாது இல்ல?"

"நான்தான் உக்காந்திருக்கேனே சார்."

"நீங்க சொல்றீங்க. ஸ்விட்ச் சொல்லலையே."

"நீங்களே பாக்குறீங்களே சார், நான் உக்காந்திருக்கிறதை!"

"நான் பாக்குறது வேற, ரிப்போர்ட்டு வேற." அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க உடம்புல ஒண்ணுமே இல்லையேங்க. ஸ்ப்ரிங்கை அமுக்குற அளவுக்கு எடை வேணும்ல?"

அதை அந்த அதிகாரி சொல்லித்தான் புல்லுக்காரருக்கே தெரிந்தது. பெண்டாட்டி போனதிலிருந்து பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், எதற்கென்று யோசித்ததில்லை.

"அந்த ஸ்விட்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டா என்ன சார்?"

தளவாட அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த விஷயத்துல இருக்கிற ஒரே சாட்சி அந்த ஸ்விட்ச்தான். சாட்சியைக் கலைக்கிறதுக்கு என்கிட்டயே யோசனை கேக்குறீங்களே!"

இந்தக் கதையைக் கேட்டு மனம் பொறுக்காதவர் வாரியத்தில் ஒரே ஆள்தான். கேன்டீன் அக்கா. தினம் தினம் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற மனிதர் என்று அவருக்குப் புல்லுக்காரர்மேல் ஏற்கெனவே கோபம்.

"அண்ணே, இதுக்குப் போய் இப்படி இடிஞ்சு உக்காந்திருக்கீங்களே. மடியில எதையாவது கனமா வச்சுக்கிட்டு உக்காருங்க. ஸ்விட்ச்சுக்குத் தெரியவா போகுது?" என்றார். சொன்னதோடு நிற்காமல் கேன்டீன் வாசலில் இருந்த சிமெண்டுப் பூந்தொட்டியைத் தானே ஷெட்டுவரை உருட்டிக்கொண்டு வந்து, அவர் மடியில் தூக்கி வைத்தார். தொட்டியில் அகல இலைச் செடி ஒன்று நன்றாக வளர்ந்திருந்தது. புல்லுக்காரர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

படபடபட!

அவர் அடைந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! புல்வெளிக்குள் இறங்கினாரோ இல்லையோ, வாயைத் திறந்துவிட்டார். இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் மளமளவென்று வந்தது. பேட்டரிக்காரரைச் சொன்னார், பூட்டுக்காரர்களைச் சொன்னார், தீயணைப்புக்காரர் தழுதழுத்ததை நடித்தே காட்டினார். "என் உடம்புல ஒண்ணுமே இல்லையாம்டி! நான் உக்காந்தா உக்காந்த மாதிரியே இல்லையாம்!" என்று கத்தினார். முகத்தில் அடித்த இலைகளை ஊதி ஊதி விலக்கிக்கொண்டு சிரித்தார்.

நாலு மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. ஒரு செடி சிரித்துக்கொண்டே புல்வெட்டுகிற காட்சியை வாரியம் அதுவரை கண்டதில்லை. கண்காணிப்பாளர் தலைதெறிக்க ஓடிவந்தார். புல்லில் கால் வைக்க அவருக்கு அனுமதி கிடையாது, ஓரத்து நடைபாதையிலேயே மெஷினுக்கு இணையாக ஓடிக்கொண்டு "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார். இஞ்சின் சத்தத்தில் எங்கே கேட்கிறது? யாரோ கையாட்டுகிறாரே என்று புல்லுக்காரரும் பதிலுக்குக் கையாட்டினார். வேலைக்குச் சேர்ந்து அன்றுதான் முதன்முதலாக ஒருவர் அவரைப் பார்த்துக் கையாட்டியிருக்கிறார்.

பெட்ரோல் தீர்ந்ததும் பிடிபட்டார். ஒருவர் மட்டும் ஏற வேண்டிய வாகனத்தில் இன்னோர் உயிரை ஏற்றிய குற்றம். அலங்காரப் பிரிவுக்குச் சொந்தமான செடியை அதன் பணியிடத்திலிருந்து அகற்றிய குற்றம். விசாரிக்க ஒரு குழு போட்டார்கள்.

குழுவுக்குத் தலைமை, வாரியத்தின் துணைத் தலைவரம்மா. பளபளவென்ற நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் இரண்டு பக்கமும் தளவாட அதிகாரியும் கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டிருந்தது. புல்லுக்காரர் உட்காரப் போனார்.

"இருங்க, இருங்க" என்றார் தலைவரம்மா. "நீங்க உக்காந்தா உக்காந்ததா எடுத்துக்கிறதாங்கிறதுதான் இப்ப பிரச்சினையே. அது முடிவாகிறவரைக்கும் நில்லுங்க."

நின்றார்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. எனக்கு அந்தப் புல்வெளின்னா உயிர். இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு நாள்கூட அதுல நான் கால் வச்சதில்ல. இங்க யாருமே வச்சதில்ல. வச்சாத் தேஞ்சு போயிடும். அதைப் பராமரிக்கிற நாமளே தேய்க்கலாமா? இப்ப நீங்க வெட்டினது போக மிச்சப் புல்லு முழங்கால் உசரம் வளர்ந்திருக்கு, வருஷ அறிக்கையில இயற்கை வளம் ரெண்டு மடங்கு ஆயிருக்குன்னு போட்டிருக்கோம். அதனால புல்லு வெட்டலையேன்னு எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. அவசரம் எல்லாம், வெட்டுற இடத்துல ஆள் இருக்காரா இல்லையாங்கிறதுதான். மெஷின் இல்லங்குது. செடியோட ஏறினா இருக்காருங்குது. அப்ப மெஷின் ஒத்துக்கிட்டது உங்களையா, செடியையா?"

"ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் மேடம்."

"அப்ப தனியா நீங்க இல்லன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க." தலைவரம்மா பக்கத்தில் திரும்பி, "குறிச்சுக்குங்க" என்றார்.

வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் அவர் எடை பதிவாகியிருந்தது. இப்போது தராசைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்ததில் கிட்டத்தட்ட ஒரு சிமெண்டுத் தொட்டி அளவு குறைந்திருந்தது. குழு ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் கலந்து பேசிற்று.

"இவ்வளவு எடையோட ஒரு ஆளைத்தான் வாரியம் வேலைக்கு எடுத்துச்சு" என்றார் தலைவரம்மா. "இப்ப அதுல இவ்வளவுதான் இருக்கு. பாக்கி எங்க?"

"புரியல மேடம்."

"குறைஞ்சது எங்க போச்சுன்னு கேக்குறேன். விளக்கம் சொல்ல வேண்டியது உங்க கடமை."

"நல்லாச் சாப்பிட்டு ஏத்திடறேன் மேடம்."

"அது புது எடை. நாங்க கேக்குறது பழைய எடையை."

புல்லுக்காரர் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் இத்தனை வருஷத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. இந்த மூன்று பேரும் காத்திருந்தார்கள். அதனாலோ என்னவோ, பதில் தானாக வந்துவிட்டது.

"என் பொண்டாட்டி இருந்தப்ப சாப்ட்டேன் மேடம். எதிர்ல உக்காந்துக்குவா. போதும்னா விட மாட்டா. இப்ப தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தா எதிர்ல சுவர்தான் தெரியுது. ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. அப்படித்தான் குறைஞ்சிருக்கும். வேற எங்கயும் போகல. அவ செத்துப்போனதுலேருந்துதான்."

தளவாட அதிகாரி கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். தலைவரம்மா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டிப் பார்த்தார்.

"யாரு செத்துப்போனது? உங்க மனைவி இருக்காங்களே!"

"மேடம்?"

"இதோ, குடும்ப விவரம். மனைவி, உயிருடன்." அவர் திரையை எல்லாருக்கும் காட்டினார். "இறந்துட்டாங்கன்னா வாரியத்துக்குத் தெரியப்படுத்தியிருப்பீங்களே. அப்ப லீவுகூட எடுத்திருக்கீங்க. என்ன காரணம் சொன்னீங்க?"

"சொந்த வேலைன்னு சொன்னேன் மேடம்."

உண்மைதான், அவர் வாரியத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ரேஷனில் அடித்துவிட்டார்கள், பாங்கில் அடித்துவிட்டார்கள், ஓட்டுப் பட்டியலில் அடித்துவிட்டார்கள். எங்கே போனாலும் அவள் பெயர்மேல் ஒரு கோடு. இங்கே ஒரு இடத்திலாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

"எங்களைப் பொறுத்தவரை அவங்க இருக்காங்க" என்றார் தலைவரம்மா. "நீங்கதான் இல்ல. அப்ப உங்க எடை குறைஞ்சதுக்கு என்ன காரணம்னு அவங்களையே கூப்பிட்டு விசாரிச்சுடலாம். எதிர்ல உக்காந்து சாப்பாடு போடாம ஏன் இருந்தாங்கன்னு அவங்க வந்து சொல்லட்டும்." கண்காணிப்பாளர், ரொம்ப நியாயம் என்று தலையாட்டினார். "விசாரணை முடியறவரைக்கும் எதையும் கலைக்க வேண்டாம். தினமும் வந்து அந்த மெஷின்ல சும்மா உக்காருங்க. சாவி எங்ககிட்ட இருக்கட்டும்."

வெளியே வந்ததும் தளவாட அதிகாரி அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். "ஏதோ என்னால ஆனது, சொல்றேன். அவங்க இறந்துட்டாங்கன்னு இன்னைக்குக்கூட நீங்க சொல்லலாம். ஆனா சொன்னா என்ன ஆகும்? விசாரிக்க ஆள் இல்ல, கேஸ் முடிஞ்சுது. கேஸ் முடிஞ்சா சீட்டு காலின்னு ஆகும். சீட்டு காலின்னா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. யோசிச்சுக்குங்க."

"வீட்டுக்கா?" என்றார் புல்லுக்காரர். ஒரு நாள் முழுக்க, அதுவும் தினமும், அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

விசாரணை நாள்வரை தினமும் வந்தார். ஷெட்டு வாசலில் நின்ற மெஷினில் ஏறி, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, சாவி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். புல் சக்கரத்தை மூடிவிட்டது. சத்தம் இல்லாததால் பேசவும் முடியவில்லை. ஒரு தடவை மெதுவாக "ஏய்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். மேலே ஏதோ ஒரு ஜன்னல் மூடிக்கொண்டது. அத்தோடு விட்டுவிட்டார்.

அந்த நாளும் வந்தது. குழு அதே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தது. இந்தப் பக்கம் இப்போது இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்று மனைவிக்கு என்றார்கள். புல்லுக்காரர் அதன் பக்கத்தில் நின்றார்.

"கூப்பிடுங்க" என்றார் தலைவரம்மா.

பியூன் வராந்தாவுக்குப் போய் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவள் பெயரைத் தகப்பனார் முன்னெழுத்தோடு சேர்த்து உரக்கக் கூப்பிட்டார். நீள வராந்தாவில் அந்தப் பெயர் கடைசிவரை போயிற்று. புல்லுக்காரருக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்னொருத்தர் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! மனசுக்குள் அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஆனால் காதால் கேட்பது வேறாக இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து இதோ வந்துவிடுகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி அல்லவா கூப்பிடுகிறார் இந்த மனிதர்!

பியூன் இரண்டாம் முறை கூப்பிட்டார். வராந்தாவில் ஒன்றிரண்டு கதவுகள் திறந்து யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் முறையும் கூப்பிட்டார். குழுவில் மூன்று பேரும் வாசலைப் பார்த்தார்கள். புல்லுக்காரர் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். முடியவில்லை, அவரும் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் வெயில் மட்டும் விழுந்திருந்தது.

"என்னங்க, வருவாங்களா மாட்டாங்களா?" என்றார் தலைவரம்மா. "வர மாட்டாங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, இன்னைக்கே முடிச்சிடறோம்."

புல்லுக்காரர் மனைவிக்குப் போட்டிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வருவா மேடம்" என்றார். "கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அவ எங்க கிளம்புறதுன்னாலும் அப்படித்தான்."

"இது உங்களுக்கே நல்லா இருக்கா? ஒரு குழுவைக் காக்க வைக்கிறதா?" தலைவரம்மா காலண்டரைப் புரட்டினார். "சரி, அடுத்த மாசம். அப்பவும் வரலன்னா அதுக்கடுத்த மாசம். வர்றவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்போம், எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அதுவரைக்கும் நீங்க சீட்டுல இருங்க."

"சரி மேடம்."

குழு டீ குடிக்கக் கலைந்தது. பியூன் வராந்தாவில் தன் ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். புல்லுக்காரர் அவரைத் தாண்டி மாடிப்படிவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"இப்ப கூப்பிட்டீங்களே, பேரைச் சொல்லி. அதே மாதிரி இன்னும் ஒரு தடவை கூப்பிடறீங்களா?"

பியூன் அவரை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே டீக் கோப்பைகள் சத்தம் கேட்டது. பிறகு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, வராந்தாவின் நடுவில் போய் நின்று கூப்பிட்டார்.